குறிப்பின்மையும் இன்மையும்: குடலிறக்கம் எண்ணாக மாறிய வரலாறு

1632ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் இறந்தவர்களின் பட்டியல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. துணிமணி வணிகரான ஜான் கிராண்ட் 1662இல் வெளியிட்ட இறப்புப் பட்டியல் ஆய்வு நூலில் அதை எடுத்து அச்சிட்டார். காரணங்கள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. எலும்புருக்கியால் 1,797 பேர். பல் முளைக்கும் பருவத்தில் 470 பேர். புழுவால் 27 பேர். ‘திடீரென’ 62 பேர். அந்த வரிசையில், தீக்காயத்துக்கும் புற்றுக்கும் இடையே, ‘வெடிப்பும் கிழிவும்’ என்ற தலைப்பின்கீழ் 9 பேர்.

‘கிழிவு’ என்பது அக்கால ஆங்கிலத்தில் குடலிறக்கத்துக்கு வழங்கிய பெயர். அந்த 9 பேர் யாவர், அவர்களுக்குப் புடைத்தது கவட்டிலா தொப்புளிலா, குடல் அடைபட்டதா, அழுகியதா என்பவை எவையும் தெரியவில்லை. எஞ்சியிருப்பவை ஒரு சொல்லும் ஓர் எண்ணும். அந்தச் சொல்லைத் தந்தவர் மருத்துவரும் அல்லர். இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, உடலைப் பார்த்தும் வீட்டாரைக் கேட்டும் காரணம் சொல்வதற்கென்று ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் முதிய பெண்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் சொன்னதைப் பங்கின் எழுத்தர் எழுதினார், எழுதியது எண்ணப்பட்டது. பாலியல் நோயால் இறந்தோரை மதுவுக்கும் கைக்கூலிக்கும் மசிந்து வேறு தலைப்புகளில் சேர்த்துவிட்டனர் என்று கிராண்டே ஐயுற்றார்.

உடல், உடலைப் பார்த்தவர் சொன்ன சொல், சொல்லை எழுதியவர், எழுத்தை எண்ணியவர் என்னும் இந்த நான்கு படிகளும் ஏறத்தாழ 400 ஆண்டுகளாக மாறவில்லை. நோய்க்குறியீடு உடலுக்கு இடப்படுவதில்லை. உடலைப் பற்றி எழுதப்பட்ட வாசகத்துக்கு இடப்படுகிறது. இந்த உண்மையைப் பன்னாட்டு நோய் வகைப்பாடு ஒரு காலத்தில் தன் தலைப்புகளிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் அந்த ஒப்புதல் ஓசையின்றி நீங்கியது. அது நீங்கிய இடத்தைக் குடலிறக்கத்தின் வரலாற்றில் துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியும்.

பெயருக்குள் இருக்கும் கருத்து

ஒரு நோயை எண்ணுவதற்கு முன் அதற்குப் பெயர் வேண்டும். பெயரிடும்போதே நோயைப் பற்றிய ஒரு கருத்தும் பெயருக்குள் புகுந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ரப்சர்’ கிழிதலைச் சொல்கிறது. லத்தீனின் ‘ஹெர்னியா’ குடலைக் குறித்த தொல்வேர் ஒன்றிலிருந்து பிறந்தது என்பது சொற்பிறப்பியலாளர் கருத்து. பலி விலங்கின் குடலைப் பார்த்துக் குறி சொன்ன ரோமானியரின் ‘ஹருஸ்பெக்ஸ்’ என்னும் பெயரிலும், நூலைக் குறிக்கும் ஆங்கில ‘யார்ன்’ என்னும் சொல்லிலும் அதே வேரைக் காண்பர். கிரேக்கம் புடைப்பை மட்டும் பெயராக்கியது. குடல் புடைத்தால் ‘என்டரோசீல்’, நீர் கோத்துப் புடைத்தால் ‘ஹைட்ரோசீல்’. உள்ளே இருப்பது எதுவாயினும் வெளியே தெரிவது வீக்கம் என்பதே அப்பெயரிடலின் அடிப்படை.

சுஸ்ருத சங்கிதையின் நிதானப் பகுதியும் இவ்வாறே வீக்கத்தின் வழியாக நோயை அணுகுகிறது. அது ‘விருத்தி’ என்னும் ஒரே தலைப்பில் ஏழு வகைகளை வைக்கிறது: வாதம், பித்தம், கபம், குருதி, கொழுப்பு, சிறுநீர், குடல் ஆகியவற்றால் விளையும் வீக்கங்கள். ஏழாவதான ‘ஆந்திர விருத்தி’யே குடலிறக்கம். பெருஞ்சுமை தூக்குதல், தன்னிலும் வலியவனோடு மல்லுக்கு நிற்றல், மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றை அதன் காரணங்களாக நூல் சொல்கிறது. அழுத்தினால் மேலே ஏறிவிடும், விட்டால் மீண்டும் நிறையும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. இன்றைய அறுவை மருத்துவ மாணவர் தேர்வறையில் நோயாளியைப் படுக்கவைத்துச் செய்து காட்டும் சோதனையின் உள்ளடக்கமும் இதுவே. நோய் தீராதது என்ற முடிவையும் அந்நூல் ஒளிக்காமல் தருகிறது.

‘கிழிவு’ என்ற பெயரின் பிழையை உடற்கூறியல் பிற்காலத்தில் வெளிப்படுத்தியது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1756இல் குடலிறக்கம் பற்றிய நூலை எழுதிய காலத்தில், பொதுவாக எதுவும் கிழிவதில்லை என்பதும், வயிற்றறையின் உட்சவ்வு ஒரு பையாக நீண்டு உறுப்பைச் சூழ்ந்தவாறே வெளிவருகிறது என்பதும் தெளிவடைந்து வந்தன. கருத்து மாறியும் பெயர் மாறவில்லை. ஆங்கிலப் பேச்சில் ‘ரப்சர்’ அதன்பின்னும் நெடுங்காலம் நிலைத்தது.

தமிழின் ‘குடலிறக்கம்’ என்ற சொல்லுக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. அது இரண்டு கூற்றுகளைச் செய்கிறது: வெளிவருவது குடல், வரும் திசை கீழ்நோக்கியது. கவட்டில் தோன்றும் வகைக்கு இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். தொப்புளில் தோன்றும் வகையில் பல வேளைகளில் குடலை மூடிய கொழுப்புத் திரையே வெளிவருகிறது, இறக்கமும் இல்லை. உதரவிதானத்தின் இடைவெளி வழியாக இரைப்பை மார்பறைக்குள் ஏறும் வகையில் குடலும் இல்லை, இறக்கமும் இல்லை, ஏற்றமே உண்டு. ஆயினும் மூன்றும் தமிழில் குடலிறக்கமே. ‘பிதுக்கம்’ என்ற சொல் பொருளுக்கு நெருக்கமானது. வழக்கோ முன்னதன் பக்கம் நிற்கிறது. பெயர் பொருளை முழுதாகச் சுட்டவேண்டும் என்ற கட்டாயம் பேச்சுமொழிக்கு இல்லை. எண்ணிக்கைக்கு அந்தக் கட்டாயம் உண்டு. வகைப்பாட்டின் தேவை அங்கேதான் எழுகிறது.

இடம் பெயர்ந்தவற்றின் குடும்பம்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய்களையும் செடிகளைப்போல் வகுப்பு, வரிசை, பேரினம், இனம் என்று அடுக்கும் முயற்சி எழுந்தது. மான்பெல்லியே நகரத்து மருத்துவர் சோவாஜ் தம் பெருநூலை 1763இல் வெளியிட்டார். தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸும் அதே ஆண்டில் நோய்ப் பேரினங்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். எடின்பரோவின் வில்லியம் கல்லன் 1769இல் இவர்களின் அடுக்குகளைச் சுருக்கி, எல்லா நோய்களையும் நான்கு வகுப்புகளுக்குள் அடக்கினார்.

நான்காம் வகுப்பு உடலின் ஓரிடத்தை மட்டும் பற்றிய நோய்கள். அதனுள் ‘எக்டோப்பியே’ என்று ஒரு வரிசை. இடம் பெயர்ந்தவை என்பது பொருள். அதில் மூன்று பேரினங்கள்: ஹெர்னியா, உறுப்புச் சரிவு, மூட்டு நழுவல். குடல் கவட்டுக்கு வருவதும் தோள்பட்டை மூட்டு நழுவுவதும் கல்லனுக்கு ஒரே குடும்பம். தருக்கப்படி இது பிழையற்ற அடுக்கு. ஒரு நாட்டில் எத்தனை பேர் எதனால் இறக்கின்றனர் என்று அறிய விரும்பிய ஆட்சிக்கு அதனால் பயனில்லை. குடலிறக்கம் கொல்லக்கூடியது, நழுவிய தோள் கொல்வது அரிது.

இந்த இடைவெளியைத் தெளிவாக உணர்ந்தவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தில் 1837இல் குடிமைப் பதிவு தொடங்கியபின் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்த அவர், 1839இல் வெளிவந்த முதல் ஆண்டறிக்கையிலேயே நோய்ப்பெயர்களின் குழப்பத்தைச் சுட்டினார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கின. ஒரே பெயர் பல நோய்களுக்கு வழங்கியது. தெளிவற்ற பெயர்களும் நோயின் பெயருக்கு மாற்றாக எழுதப்பட்ட சிக்கல்களும் பதிவேட்டில் நிறைந்திருந்தன. இயற்பியலுக்கு எடையும் அளவும் எப்படியோ அப்படி இந்தத் துறைக்குப் பெயர்முறை என்பது அவர் வாதம்.

1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய முதல் பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறப்புக் காரணப் பட்டியலை வகுக்கும் பணியை ஃபாரிடமும் ஜெனீவாவின் மார்க் தெஸ்பீனிடமும் ஒப்படைத்தது. 1855இல் பாரிஸில் இருவரும் ஆளுக்கொரு பட்டியலோடு வந்தனர். ஃபார் ஓரிட நோய்களை உடற்பகுதி வாரியாக அடுக்கியிருந்தார். தெஸ்பீன் நோயின் இயல்பைக்கொண்டு வகுத்திருந்தார். மாநாடு இரண்டையும் சமரசம் செய்து 139 தலைப்புகள் கொண்ட பட்டியலை ஏற்றது. காலப்போக்கில் வென்றது ஃபாரின் உடற்பகுதி முறை. கல்லனிடம் மூட்டு நழுவலின் உறவாக இருந்த குடலிறக்கம், செரிமான உறுப்பு நோய்களின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

கொல்லும்போது மட்டும் தெரியும் நோய்

பாரிஸ் நகரப் புள்ளியியல் பணியின் தலைவர் ழாக் பெர்ட்டியோன் தலைமையில் உருவான பட்டியலை 1893இல் சிகாகோவில் பன்னாட்டுப் புள்ளியியல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1900இல் பாரிஸில் கூடிய நாடுகள் அதைத் திருத்தி, பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவதென்று முடிவு செய்தன. இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் முதல் திருத்தம் அதுவே.

இந்தத் தொடக்ககாலப் பட்டியல்களில் குடலிறக்கம் தனித்து நிற்கவில்லை. ‘குடலிறக்கம், குடலடைப்பு’ என்று இரண்டும் ஒரே தலைப்பில் இணைந்திருந்தன. அது இறப்புப் பட்டியல் என்பதை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். குடலிறக்கத்தோடு ஒருவர் 30 ஆண்டுகள் வாழலாம். அரைக்கச்சை கட்டிக்கொண்டு வயலிலும் துறைமுகத்திலும் வேலை செய்யலாம். வெளிவந்த குடல் திரும்ப முடியாமல் சிக்கி, வழி அடைபட்டு, இரத்த ஓட்டம் நின்று, அழுகும்போதே அது கொல்கிறது. ஆகவே இறப்பின் கண்ணுக்குக் குடலிறக்கம் என்பது குடலடைப்பின் ஒரு வாயில் மட்டுமே. வலியோடு வாழ்ந்தவர், வேலையிழந்தவர், வெட்கத்தால் மறைத்தவர் ஆகியோருக்கு அப்பட்டியலில் இடமில்லை.

அதே காலத்தில் அறுவைக்கூடத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. பதுவா நகரின் எதுவார்தோ பஸ்ஸினி 1884 முதல் கவட்டுக் குடலிறக்கத்துக்குப் புதிய அறுவை முறையைச் செய்யத் தொடங்கி, 1887இல் அதை வெளிப்படுத்தினார். கவட்டுக் கால்வாயின் பின்சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மீட்டமைக்கும் முறை அது. அறுவைக்குப்பின் நோயாளிகளைத் தேடிச் சென்று, நோய் திரும்பியதா என்று பதிவு செய்ததும் அவருடைய பணியின் பகுதி. தீராதது என்று பழைய நூல்கள் கைவிட்ட நோய், தீர்க்கக்கூடியதாயிற்று. தீர்க்கக்கூடிய நோயைச் சாவில் மட்டும் எண்ணுவது போதாது. மருத்துவமனைக்கு நடந்து வந்து நடந்தே வீடு திரும்புவோரையும் எண்ணவேண்டும்.

‘குறிப்பின்றி’ என்ற ஒரு சொல்

1948ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தம் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வெளிவந்தது. இறப்போடு நோயுற்ற நிலையையும் எண்ணும் வகைப்பாடாக அது விரிந்தது. குடலிறக்கம் அதில் இரண்டு எண்களைப் பெற்றது. 561 என்பது ‘அடைப்புடன் கூடிய வயிற்றறைக் குடலிறக்கம்’. 560 என்பதன் தலைப்பு நின்று படிக்கத்தக்கது: ‘அடைப்புப் பற்றிய குறிப்பின்றி, வயிற்றறைக் குடலிறக்கம்’. இவற்றுக்கு இணையாக, 570ஆம் எண் ‘குடலிறக்கம் பற்றிய குறிப்பின்றிக் குடலடைப்பு’.

‘அடைப்பின்றி’ என்று அந்தத் தலைப்பை எழுதியிருக்கலாம், அப்படி எழுதவில்லை. ‘அடைப்பு இல்லை’ என்பது உடலைப் பற்றிய கூற்று. ‘அடைப்புப் பற்றிய குறிப்பு இல்லை’ என்பது தாளைப் பற்றிய கூற்று. முன்னதைச் சொல்ல நோயாளியைப் பார்த்திருக்கவேண்டும். பின்னதைச் சொல்லத் தாளைப் படித்தால் போதும். குறியீட்டாளர் படிப்பது தாளை; ஆகவே அவருக்குச் சொல்லும் உரிமையுள்ளது பின்னது மட்டும். 1948ஆம் ஆண்டின் சொற்றொடர் இந்த எல்லையை அறிந்து எழுதப்பட்டது. சான்று எங்கிருந்து வந்தது என்பதை வினையோடு சேர்த்தே குறிக்கும் மொழிகள் உலகில் உண்டு. கண்டதற்கு ஒரு விகுதி, கேட்டதற்கு ஒரு விகுதி. ‘குறிப்பின்றி’ என்ற சொல் எண்களின் உலகில் அந்த விகுதியின் வேலையைச் செய்தது.

எட்டாம் திருத்தம் கவட்டு வகையைத் தனியே பிரித்து, அடைப்பின் குறிப்பு உண்டா இல்லையா என்பதைக் கொண்டு 550 முதல் 553 வரை நான்கு எண்களை அமைத்தது. 1975இன் ஒன்பதாம் திருத்தம் அழுகலையும் சேர்த்தது. 551 அழுகலுடன், 552 அடைப்புடன், அழுகல் பற்றிய குறிப்பின்றி, 553 அடைப்போ அழுகலோ பற்றிய குறிப்பின்றி. சொற்றொடர் நீண்டது, ‘குறிப்பின்றி’ நிலைத்தது.

1990இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பத்தாம் திருத்தத்தில் குடலிறக்கம் கே40 முதல் கே46 வரையான பகுதியைப் பெற்றது. கே40 கவடு, கே41 தொடை, கே42 தொப்புள், கே43 வயிற்றின் முன்சுவர், கே44 உதரவிதானம், கே45 பிற குறித்த இடங்கள், கே46 இடம் குறிப்பிடப்படாதவை. உட்பிரிவுகள் செம்மையாக வகுக்கப்பட்டன. அவற்றின் தலைப்புகள் இப்போது இப்படி அமைந்தன: ‘அடைப்புடன், அழுகலின்றி’, ‘அழுகலுடன்’, ‘அடைப்போ அழுகலோ இன்றி’. நடுவிலிருந்த ‘குறிப்பு’ என்ற சொல் காணாமற்போயிற்று.

தாளைப் பற்றிய கூற்று உடலைப் பற்றிய கூற்றாக மாறியது இங்கேதான். நடைமுறை மாறவில்லை என்பதே இதில் சிக்கல். மருத்துவர் ‘கவட்டுக் குடலிறக்கம்’ என்று மட்டும் எழுதி, வேறு எதையும் சொல்லாமல் விட்டால், அது முன்போலவே கடைசிப் பெட்டிக்கு, அதாவது கே40.9க்குச் செல்கிறது. முன்பு அந்தப் பெட்டியின்மேல் ‘சொல்லப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. இப்போது ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் மறந்தது, புள்ளிவிவரத்தில் இல்லாதது ஆகிறது.

குறியுற்றதும் குறியற்றதும்

கே40.9இன் முழுத் தலைப்பு ‘ஒருபக்க அல்லது பக்கம் குறிப்பிடப்படாத கவட்டுக் குடலிறக்கம், அடைப்போ அழுகலோ இன்றி’ என்பது. பிராக் மொழியியலாளர் வகுத்த குறியுற்றது, குறியற்றது என்னும் எதிர்மை இங்கே அப்படியே செயல்படுகிறது. இருபக்கம் என்று சொன்னால் மட்டுமே இருபக்கம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒருபக்கத்தோடு சேர்ந்துவிடும். மொழியில் குறியற்ற வடிவம் மிகுதியாக வழங்குவதுபோல், பதிவேட்டிலும் இந்தக் குறியற்ற பெட்டி எளிதில் நிறைகிறது. அந்த நிறைவில் உண்மையான ஒருபக்க நோயாளிகள் எத்தனை, அவசரத்தில் எழுதிய கைகள் எத்தனை என்று பிரித்தறிய எண்ணால் முடியாது.

அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் விரிவாக்கத்தில் இதே பெட்டி மேலும் பிளக்கப்பட்டது. கே40.91 என்பது மீண்டும் தோன்றியது. கே40.90இன் தலைப்பு ‘அடைப்போ அழுகலோ இன்றி, மீண்டும் தோன்றியதாகக் குறிப்பிடப்படாதது’ என்று முடிகிறது. ஒரே தலைப்பில் இரண்டு இலக்கணங்கள் அருகருகே நிற்கின்றன. அடைப்பைப் பற்றிப் பேசும்போது வகைப்பாடு உடலை அறிந்ததுபோல் பேசுகிறது. மீள்தோற்றத்தைப் பற்றிப் பேசும்போது தாளை மட்டுமே அறிந்ததாக அடக்கத்தோடு பேசுகிறது. இரண்டுக்கும் சான்று ஒன்றே: மருத்துவர் எழுதிய சில வரிகள்.

எதிர்மைகள் மங்கும் இடமும் உண்டு. உள்ளே தள்ள முடியாத குடலிறக்கம், குடல்வழி அடைபட்ட குடலிறக்கம், இரத்த ஓட்டம் நெரிபட்ட குடலிறக்கம் என்ற மூன்றையும் அறுவை மருத்துவர் தெளிவாகப் பிரிப்பர். முதல் வகையினர் அடைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழக்கூடும். மூன்றாம் வகையினருக்குச் சில மணி நேரமே இருக்கலாம். பத்தாம் திருத்தத்தின் கே40.3 இந்தச் சொற்களை எல்லாம் அடைப்பு என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்குகிறது. அழுகலும் அடைப்பும் சேர்ந்திருந்தால் அழுகலே எண்ணப்படும் என்ற விதியும் உண்டு. மருத்துவரின் மொழியில் மூன்றாக இருப்பது எண்ணின் மொழியில் ஒன்றாகிறது. ஒலியியலில் இரண்டு ஒலியன்கள் ஓரிடத்தில் வேறுபாடிழப்பது இயல்பு. ஆனால் அங்கே உயிர் போவதில்லை.

வகைப்பாடு மருத்துவத்தின் சொந்த விளைவுகளையும் பதிவு செய்கிறது. வயிற்று அறுவைகள் பெருகப்பெருக, தைத்த தழும்பின் வழியே தோன்றும் குடலிறக்கமும் பெருகியது. பத்தாம் திருத்தம் முதலில் அதை முன்சுவர் வகையோடு சேர்த்துவைத்தது. பிந்தைய பதிப்புகளில் கே43 பிளக்கப்பட்டு அதற்குத் தனி இடம் கிடைத்தது. மருத்துவம் தான் உண்டாக்கிய நோய்க்குத் தானே எண் ஒதுக்கிய நிகழ்ச்சி இது.

‘பிற காரணங்கள்’ என்ற இந்தியப் பெட்டி

லண்டனின் முதிய பெண்களுக்கு இணையான பணியைப் பிரித்தானிய இந்தியாவின் ஊர்ப்புறங்களில் சௌகிதார்களும் ஊர் அலுவலர்களும் செய்தனர். அவர்கள் நிரப்பவேண்டிய காரணத் தலைப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: வாந்திபேதி, பெரியம்மை, கொள்ளைநோய், காய்ச்சல், வயிற்றுப்போக்கும் சீதபேதியும், மூச்சு நோய்கள், காயங்கள், பிற காரணங்கள். பரவும் நோயைக் கண்டு அஞ்சிய ஆட்சியின் பட்டியல் அது. சுமை தூக்கியவர் கவட்டில் குடல் நெரிபட்டு மூன்று நாள் துடித்து இறந்தால், அவருக்கான இடம் ‘பிற காரணங்கள்’. 1632இன் லண்டன் தந்த அந்த ஒற்றை வரிகூட அவருக்கு இல்லை.

விடுதலைக்குப்பின் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், கடைசி நோயின்போது மருத்துவம் பார்த்தவர் இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வழி செய்தது. படிவத்தின் அமைப்பு 1948இல் உலகம் ஏற்ற அமைப்பே. உடனடிக் காரணம் முதல் வரியில். அதற்குக் காரணமானது அடுத்த வரியில். எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது கடைசி வரியில். எண்ணப்படுவது பொதுவாக அந்தக் கடைசி வரி.

நெரிபட்ட கவட்டுக் குடலிறக்கத்தால் இறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ‘நச்சுக்குருதி அதிர்ச்சி, அதற்குக் காரணம் குடல் அழுகல், அதற்குக் காரணம் நெரிபட்ட கவட்டுக் குடலிறக்கம்’ என்று மூன்று வரிகளும் எழுதப்பட்டால் அவர் கே40.4இல் சேர்கிறார். ‘குடலடைப்பு’ என்று மட்டும் எழுதினால் கே56க்குப் போகிறார். ‘நச்சுக்குருதி’ என்று மட்டும் எழுதினால் தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போகிறார். ‘இதயம் நின்றது’ என்று எழுதினால் இதய நோய்களின் நடுவே ஐ46இல் அமர்கிறார். உடல் ஒன்று, சாவு ஒன்று. வாசகம் மாறினால் நோயும் மாறுகிறது. இதயம் நிற்காமல் இறந்தவர் எவருமில்லை என்பது மருத்துவக் கல்லூரிகளில் திரும்பத்திரும்பச் சொல்லப்படும் எச்சரிக்கை. ஆயினும் அந்த வாசகம் சான்றிதழ்களில் இன்றும் நீடிக்கிறது.

இந்தச் சான்றிதழும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கே மருத்துவச் சான்றோடு கூடிய காரணம் உண்டு. எஞ்சியவற்றை அறிய, மாதிரிப் பதிவு முறையின்கீழ் வாய்மொழி விசாரணை நடக்கிறது. மருத்துவர் அல்லாத கள அலுவலர் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, வீட்டார் தம் மொழியில் சொல்லும் கதையை எழுதிக்கொள்கிறார். இந்த முறையில் நடந்த பத்து லட்சம் இறப்புகளின் ஆய்வில், அந்த எழுத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துப் பத்தாம் திருத்தத்தின் எண்ணை இட்டனர். இருவரும் வேறுபட்டால் மூன்றாமவர் முடிவு செய்தார். கிராண்ட் பார்த்த ஏற்பாடு பெரிய அளவில், மேலான ஒழுங்கோடு திரும்பி வந்திருக்கிறது.

அங்கே முழுச் சுமையும் கதை சொல்பவரின் சொல்மீது விழுகிறது. கவட்டுப் பகுதியின் நோய் வெட்கத்தோடு பிணைந்தது. ‘வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்பியது’ என்று சொல்லும் மனைவியும் மகனும், கீழே பல ஆண்டுகளாக ஒரு புடைப்பு இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடும். கேட்பவரும் கேட்கத் தயங்கக்கூடும். அந்த ஒரு வாக்கியம் தாளில் ஏறாவிட்டால், எத்தனை மருத்துவர் படித்தாலும் குடலிறக்கம் வெளிப்படாது. எளிய அறுவை ஒன்றால் தவிர்த்திருக்கக்கூடிய சாவு, காரணம் தெரியாத வயிற்று நோயாகக் கணக்கில் ஏறும். எந்த வட்டார மருத்துவமனையில் அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் வேண்டும் என்று முடிவெடுப்போர் பார்ப்பது அந்தக் கணக்கையே.

எண் திரும்பிப் பேசும்போது

20ஆம் நூற்றாண்டின் கடைசியில் குறியீட்டுக்குப் பண மதிப்பும் வந்து சேர்ந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் உருவாக்கிய நோய்க்குழு முறையை அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு 1983இல் மருத்துவமனைகளுக்குப் பணம் தரும் அளவுகோலாக்கியது. அதன்பின் மருத்துவர் எழுதும் ஒவ்வொரு அடைமொழிக்கும் விலை உண்டாயிற்று. விடுபட்ட சொல்லை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதற்கென்றே ஒரு தொழில் பிறந்தது. விடையை வாயில் ஊட்டாமல் கேள்வி கேட்கவேண்டும் என்பது அத்தொழிலின் அறம்; களப்பணி செய்யும் மொழியியலாளருக்கும் அதுவே அறம். இந்தியாவில் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் அதற்கு முந்தைய மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களிலும் குடலிறக்க அறுவை விலை குறிக்கப்பட்ட தொகுப்பாக வருகிறது. முன்பு எழுத்தைப் பின்தொடர்ந்து எண் வந்தது. இப்போது எண்ணை எதிர்பார்த்து எழுத்து எழுதப்படுகிறது. முன்னதன் தீங்கு விடுபடுதல். பின்னதன் தீங்கு மிகைபடுதல்.

2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம் வேறொரு வழியை எடுத்தது. பத்தாம் திருத்தத்தின் எண் உட்பிணைப்பு மொழியின் சொல்லைப் போன்றது. இடம், பக்கம், அடைப்பு, அழுகல் எல்லாம் ஒரே எண்ணுக்குள் உருகிக் கிடந்தன. பதினோராம் திருத்தம் தமிழைப்போல் ஒட்டுநிலை கொண்டது. அடிச்சொல்லாக ஓர் எண். அதன்பின் பக்கத்துக்கு ஒன்று, சிக்கலுக்கு ஒன்று என்று வேண்டியபோது ஒட்டிக்கொள்ளும் எண்கள். கவட்டுக் குடலிறக்கம் என்ற அடியெண் தனித்து நின்றால் அது அடைப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ‘இல்லை’ என்றும் சொல்வதில்லை. 1990இல் நீங்கிய அடக்கம் வேறு வழியாகத் திரும்பியிருக்கிறது. ஒட்டுகளைச் சேர்க்கும் பொறுமை எழுதுபவருக்கு இருக்குமா என்பது தனிக் கேள்வி.

1632இன் பட்டியலை எழுதியவர்களுக்கு உட்சவ்வின் பை தெரியாது. கவட்டுக் கால்வாய் தெரியாது. தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாக அவர்கள் எழுதவில்லை. ‘திடீரென’ 62 பேர் என்று அவர்கள் எழுதியது அறியாமையின் நேர்மையான பதிவு. இன்றைய பட்டியல்கள் கூர்மையானவை. ஆயினும் அவற்றில் ‘இல்லை’ என்று நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், நோயாளியைப் பார்த்துச் சொன்ன ‘இல்லை’ எது, எவரும் எழுதாததால் விளைந்த ‘இல்லை’ எது என்று கேட்கவேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு எண்ணில் விடை கிடையாது. வெளிநோயாளர் சீட்டிலும், இறப்புச் சான்றிதழின் கடைசி வரியிலும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கள அலுவலரிடம் ஒரு பெண் தயங்கிச் சொல்லும் வாக்கியத்திலும் மட்டுமே விடை இருக்கிறது.